தலை எண்ணாமல் கிளம்பிய பேருந்து

கூலாய், ஜொகூர்.
சனிக்கிழமை, பிற்பகல் 3.40

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய அப்பாவுக்கு,

மகள் தேன்மொழியின் பணிவான வணக்கம். இதைப் படிக்கும்போது நீங்கள் சென்னை டிரிப் முடித்துத் துறையூர் திரும்பி, டிக்கெட் பையை ஆணியில் மாட்டிவிட்டு, முகம் கழுவி உட்கார்ந்திருப்பீர்கள் என்று எண்ணிக்கொள்கிறேன். உட்காரவில்லை என்றால் தயவுசெய்து உட்கார்ந்துகொள்ளுங்கள். நான் முழுதாக வந்து சேர்ந்துவிட்டேன். கை, கால், மூக்குக்கண்ணாடி, பாஸ்போர்ட் எல்லாம் இருக்கின்றன. சந்திரமதி சித்தி சுட்டுக் கொடுத்த நான்கு தோசைகளும் உள்ளே இருக்கின்றன. அம்மாவிடம் இந்த வரியை மட்டும் இப்போதே உரக்கப் படித்துக் காட்டிவிடுங்கள். மற்றதை முதலில் நீங்கள் தனியாகப் படிப்பது நல்லது.

தொலைபேசியிலேயே எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஒன்று சொன்னால் நீங்கள் நான்கு கேட்பீர்கள், ஐந்தாவது கேள்வியில் நான் அழுதுவிடுவேன், பிறகு யார் சொன்னது சரி என்றே தெரியாமல் போய்விடும். ஆகவே எழுத்தில் தருகிறேன். சித்தி ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து உங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.

முதலில் நம் ஒப்பந்தத்தை நினைவூட்ட அனுமதி தாருங்கள். பொதுத்தேர்வு முடிந்த மறுநாள், கோயம்புத்தூரில் விடுதியில் தங்கித் தாவரவியல் படிக்கிறேன் என்று நான் படிவத்தை நீட்டியபோது, "தனியா ஒரு பஸ் ஏறி இறங்கத் தெரியாத பிள்ளைக்கு ஹாஸ்டல் ஒரு கேடா" என்றீர்கள். இருபத்தாறு வருடமாக ஊரார் பிள்ளைகளை ஏற்றி இறக்கிய கண்டக்டரின் மகளுக்கு இந்தப் பேச்சு. நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை (இடையில் அம்மா கொடுத்த உப்புமா கணக்கில் வராது). கடைசியில், விடுமுறைக்குச் சித்தி வீட்டுக்கு வரும் ஏற்பாடு நடந்தபோது, கோலாலம்பூரிலிருந்து கூலாய் வரை முந்நூறு கிலோமீட்டரும் யார் துணையும் இல்லாமல், ஒரு பொருளையும் தொலைக்காமல் நான் பேருந்தில் போய்ச் சேர்ந்தால் கையெழுத்துப் போடுவதாக அம்மா முன்னிலையில் சொன்னீர்கள். படிவம் அலமாரியில் பச்சை ஃபைலில் இருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் நீங்கள் எழுதிக் கொடுத்த பதினோரு அறிவுரைகளையும் விமானத்திலேயே மனப்பாடம் செய்துவிட்டேன். அவற்றை ஒன்று விடாமல் பின்பற்றியதால்தான் இவ்வளவும் நடந்தது என்பதையும் மரியாதையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

கோலாலம்பூர் பேருந்து நிலையம் விமான நிலையம் போலவே இருக்கிறது. மாடியில் டிக்கெட், கீழே கதவு எண், உள்ளே குளிர். ராஜசேகரன் சித்தப்பா இணையத்தில் எடுத்து அனுப்பிய டிக்கெட்டில் நான்காம் எண் இருக்கை. மூன்றாம் அறிவுரைப்படி டிரைவருக்குப் பின்னால் உட்கார வேண்டுமே என்று கவலைப்பட்டேன், அதுவும் கிட்டத்தட்ட அங்கேயே அமைந்தது. ஒரு பக்கம் இரட்டை இருக்கை, மறுபக்கம் ஒற்றை இருக்கை. ஒவ்வொன்றும் நம் ஊர் பல் மருத்துவரிடம் இருக்கும் நாற்காலி போலச் சாய்கிறது. ஏறியவுடன் நான் செய்த முதல் வேலை கண்டக்டரைத் தேடியது. உங்கள் பதினோராவது அறிவுரை, எந்தச் சந்தேகம் வந்தாலும் கண்டக்டரிடம் சொல் என்பது அல்லவா. முன்னால் பார்த்தேன், பின்படியில் பார்த்தேன். பின்படியே இல்லை. பக்கத்து இருக்கையில் ஓர் அம்மா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அவர் பெயர் ராசம்மா, ஜொகூர் பக்கம் தெப்ராவில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமைக்கிறார். "என்னம்மா தேடுற, எலியா?" என்றார்.

"கண்டக்டர் எங்கேங்க?"

"கண்டக்டரா? அதெல்லாம் எங்கப்பா காலத்துல லா. நீ இந்தியாவுலேர்ந்து வந்த புள்ளையா?"

"ஆமாங்க. அப்புறம் யார் விசில் ஊதுவாங்க?"

"யாரும் ஊத மாட்டாங்க. அவரா எடுப்பாரு, அவரா நிறுத்துவாரு."

அப்பா, யோசித்துப் பாருங்கள். டிரைவர் ஒருவரே ஏற்றி, ஓட்டி, இறக்கிவிடும் பேருந்தில் முந்நூறு கிலோமீட்டர். யார் தலை எண்ணுவார்கள்? டீ குடிக்க நிறுத்தினால் தலை எண்ணாமல் விசில் ஊதக் கூடாது என்று நீங்கள் எத்தனை முறை சொல்லியிருக்கிறீர்கள். இருபத்தாறு வருட சர்வீசில் நீங்கள் விட்டுவிட்டு வந்தது ஒரே ஒரு பயணியைத்தான், அதுவும் அம்மாவை. ஆகவே அந்தப் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். எழுந்து நின்று எண்ணினேன். என்னையும் சேர்த்து இருபத்துமூன்று. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். உட்கார்ந்துகொண்டேன்.

அப்போதுதான் அந்த ஆளைக் கவனித்தேன். பதினோராம் எண் இருக்கை. சிவப்புத் தொப்பி, கனத்த மீசை, நாற்பத்தைந்து வயது இருக்கும். பேருந்து நிலையத்திலேயே அவர் ஒரு தூண் பக்கத்தில் நின்று தொலைபேசியைப் பார்ப்பதும் என் முகத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். அது முதல் முறை. நான் தலை எண்ணும்போது சட்டென்று செய்தித்தாளால் முகத்தை மறைத்துக்கொண்டார். அது இரண்டாம் முறை. செய்தித்தாள் தலைகீழாக இருந்தது. உங்கள் ஒன்பதாவது அறிவுரை மூன்று முறை பார்க்கிற ஆளை நம்பாதே என்கிறது. மூன்றாவது முறைக்காக நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

வழி அழகாக இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். மணிக்கணக்கில் இருபுறமும் செம்பனை, அதுதான் பாமாயில் மரம். வரிசை வரிசையாக, நோட்டில் கோடு போட்டாற்போல. செம்பனையின் தண்டில் பழைய மட்டைகளின் அடிப்பகுதிகளுக்குள் பெரணிச் செடிகள் வளர்ந்திருப்பதை ஓடும் வண்டியிலிருந்தே பார்த்தேன். உடனே தாவரவியல் புத்தகத்தைத் திறந்து சரிபார்க்கக் கை பரபரத்தது. ஆனால் திறக்கவில்லை. ஏனென்றால் உங்கள் ஏழாவது அறிவுரைப்படி பாஸ்போர்ட்டை அந்தப் புத்தகத்துக்கு நீங்கள் போட்ட பிரவுன் அட்டையின் மடிப்புக்குள் செருகி வைத்திருந்தேன். திருடன் எதைத் திறந்தாலும் பாடப்புத்தகத்தைத் திறக்க மாட்டான் என்பது உங்கள் கருத்து. அது இப்போதும் தோள்பையில் பத்திரமாக இருக்கிறது. இந்த வரியை எழுதும்போது ஒரு முறை பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டேன்.

பகல் ஒரு மணி அளவில் மாச்சாப் என்னும் இடத்தில் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் நிறுத்தினார்கள். டிரைவர் இரண்டு கைகளையும் இரண்டு முறை விரித்துக் காட்டி மலாயில் ஏதோ சொன்னார். "இருவது நிமிசம். அதுக்கு மேல ஒரு நிமிசம் நிக்க மாட்டாரு" என்று ராசம்மா மொழிபெயர்த்தார். ஐந்தாவது அறிவுரைப்படி என் கைக்குட்டையை இருக்கையில் விரித்துப் போட்டுவிட்டு இறங்கினேன். ராசம்மா அதைப் பார்த்து, "மூக்குத் துடைச்ச துணிய ஏன் காயப்போடுற?" என்று கேட்டார். இடம் பிடித்திருக்கிறேன் என்றேன். இருக்கைக்குத்தான் எண் இருக்கிறதே என்றார். எண் அழியலாம், கைக்குட்டை அழியாது என்று நீங்கள் சொல்வதைச் சொன்னேன். அவர் கழிப்பறைக்குப் போய்விட்டார்.

சாப்பாட்டுக் கடைகளில் திருவிழாக் கூட்டம். ஒரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. கைக்குட்டையோ வண்டியில். நின்றுகொண்டு சூடான தேநீர் குடித்தால் கொட்டிக்கொள்வேன் என்பது உங்களுக்குத் தெரியும். எனவே தோள்பையில் இருந்த இன்னொரு புத்தகமான விலங்கியலை எடுத்து நாற்காலியில் வைத்து இடம் பிடித்துவிட்டு வரிசையில் போய் நின்றேன். தேநீரை வாங்கிக்கொண்டு திரும்புகிறேன், என் நாற்காலிக்குப் பக்கத்தில் சிவப்புத் தொப்பி. ஒரு கை என் புத்தகத்தின் மேல். கண்கள் கூட்டம் முழுவதும் துழாவுகின்றன. என்னைத்தான் தேடுகிறார், அதில் சந்தேகமே இல்லை. மூன்றாவது முறை.

நான் ஓடவில்லை. விரைவாக நடந்தேன். தேநீரை யாரோ ஒருவரின் மேசையில் வைத்துவிட்டு, கடைகளின் பின்பக்கமாகச் சுற்றி, இரண்டு லாரிகளுக்கு நடுவே புகுந்து, வண்டியில் ஏறி, கைக்குட்டையின் மேல் உட்கார்ந்தேன். விலங்கியல் புத்தகம் போனது போகட்டும் என்று விட்டேன். ஒப்பந்தத்தில் ஒரு பொருளையும் தொலைக்காமல் என்று இருப்பது உண்மைதான். ஆனால் இருக்கும் இடம் தெரிந்து, உயிருக்கு அஞ்சி, வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்ததைத் தொலைத்தது என்று சொல்ல முடியாது. தேர்வும் முடிந்துவிட்டது.

இனி எழுதப்போவதை எழுதாமல் விட்டிருந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. எழுதுகிறேன். டிரைவர் வந்தார், கதவு மூடியது, வண்டி நகர்ந்தது. பழக்கதோஷத்தில் எண்ணினேன். இருபத்திரண்டு. பதினோராம் இருக்கை காலி. அப்பா, ஒரு சொல் சொல்லியிருந்தால் வண்டி நின்றிருக்கும். ராசம்மா பக்கத்திலேயே கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார், அவரைத் தட்டியிருந்தாலும் போதும். நான் ஜன்னல் வழியே திரும்பிப் பார்த்தேன். அந்த ஆள் தொப்பி பறக்க ஓடி வருகிறார். கையில் பழுப்பு நிறத்தில் பலகை போன்ற எதையோ ஓங்கிக்கொண்டு, வாயைத் திறந்து கத்திக்கொண்டு வருகிறார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டேன்.

அதற்குப் பிறகு ஐந்து நிமிடம் நிம்மதியாக இருந்தது. ஆறாவது நிமிடம் பதினோராம் இருக்கையிலிருந்து கெட்டிமேளம் கேட்டது. அந்த ஆள் தொலைபேசியை இருக்கையிலேயே சார்ஜில் போட்டுவிட்டு இறங்கியிருக்கிறார். நின்றது. மறுபடியும் கெட்டிமேளம். பின்னாலிருந்த ஒரு சீனக் குழந்தை தாளத்துக்குக் கை தட்ட ஆரம்பித்துவிட்டது. ராசம்மா விழித்துக்கொண்டு, "யாருக்குத்தான் தாலி கட்டுறாங்க இவ்வளவு நேரமா? போய் எடும்மா" என்றார். பிறர் பொருளைத் தொடாதே என்பது உங்கள் இரண்டாவது அறிவுரை, தொடவில்லை. ஆனால் ஒவ்வொரு கெட்டிமேளத்துக்கும் அந்தக் காலி இருக்கையைத் திரும்பிப் பார்த்தேன். திருடனாகவே இருந்தாலும் டிக்கெட் எடுத்த பயணி. தண்ணீர் இருக்கிறதோ இல்லையோ. சிம்பாங் ரெங்கம் என்ற பலகை வந்தபோது ராசம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அலமாக், ஐயையோ! ஆள விட்டுட்டா வந்த?"

"மூணு தடவை பார்த்தாருங்க."

"நானுந்தான் உன்ன முப்பது தடவ பாத்துட்டேன். என்னையும் எறக்கி விடுவியா?"

அவர் எழுந்துபோய் டிரைவரிடம் சொன்னார். டிரைவர் கண்ணாடியில் என்னை மறுபடியும் ஒரு முறை பார்த்தார். நெடுஞ்சாலையில் திரும்ப வழியில்லையாம். பின்னால் வரும் அடுத்த வண்டிக்குச் சொல்லி ஏற்றிக்கொள்ளச் செய்வதாகச் சொன்னார். ராசம்மா திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு பிடி கடலையை என் கையில் வைத்தார். "சாப்புடு. அழுதா கண்ணாடி மங்கிப்போவும்" என்றார்.

கூலாயில் இறங்கியபோது சித்தப்பா தொழிற்சாலைச் சட்டையோடே வந்து நின்றிருந்தார். என் பெட்டியை வாங்கினார், என் தலையில் கை வைத்தார், பிறகு என்னைத் தாண்டிப் பேருந்துப் படியையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் இறங்கவில்லை.

"வேலு எங்கம்மா?"

"எந்த வேலு சித்தப்பா?"

சித்தப்பா தன் தொலைபேசியை எடுத்து ஓர் எண்ணை அழுத்தினார். திறந்திருந்த பேருந்துக் கதவு வழியாக, உள்ளே பதினோராம் இருக்கையிலிருந்து, கெட்டிமேளம் முழங்கியது.

அப்பா, நான் உங்களைக் குற்றம் சொல்லவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன். வேலு மாமா சித்தப்பாவோடு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். கோலாலம்பூர் பக்கம் கிள்ளானில் ஒரு திருமணத்துக்குப் போயிருந்தவரை, என் படத்தை அனுப்பி, நான் வரும் பேருந்திலேயே வரச் சொல்லி, அவளுக்கு மட்டும் தெரியவே கூடாது, பேசவே கூடாது, ஆனால் கண்ணை எடுக்கக் கூடாது என்று சித்தப்பா மூலம் உத்தரவு போட்டவர் நீங்கள். யார் துணையும் இல்லாமல் என்று அம்மா முன்னிலையில் சொன்னவரும் நீங்கள்தான். ஒன்பதாவது அறிவுரையை எழுதிய கையால் அந்த மனிதரை என் பின்னால் அனுப்பியும் வைத்திருக்கிறீர்கள். அவர் உங்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற மாச்சாப் வரை தலைகீழ்ச் செய்தித்தாள் படிக்க வேண்டியிருந்திருக்கிறது.

ஆனாலும் எனக்குப் பெரிய நிம்மதி. என்னைப் பின்தொடர்ந்தவர் கெட்டவர் இல்லை. அதைவிட, மாச்சாப்பிலிருந்து கூலாய் வரை நான் உண்மையாகவே தனியாகத்தான் வந்திருக்கிறேன். அதற்கு முன்பும் தனி என்று நம்பித்தான் வந்தேன், பயத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. பாஸ்போர்ட் பத்திரம், பெட்டி பத்திரம், நான் பத்திரம். ஆகவே ஒப்பந்தத்தில் என் பங்கை நான் நிறைவேற்றிவிட்டேன் என்றும், நீங்கள்தான் மீறியிருக்கிறீர்கள் என்றும் பணிவோடு தெரிவித்து, படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்ட இடத்தில் கையெழுத்திடும்படி கேட்டுக்கொள்கிறேன். சித்தப்பா வேலு மாமாவை அழைத்துவர மாச்சாப்புக்குக் காரில் போயிருக்கிறார். மாமா வந்ததும் அவர் காலில் விழுவதாக இருக்கிறேன்.

அம்மாவுக்கு என் முத்தங்கள். மொட்டைமாடியில் என் கற்றாழைக்கு வாரம் ஒரு முறைக்கு மேல் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் முழங்கால் வலிக்கு இங்கே ஒரு தைலம் கிடைக்கிறதாம், வாங்கி வருகிறேன். உங்கள் ஒவ்வொரு டிரிப்பும் ஏறினவர் எல்லாரும் இறங்குகிற டிரிப்பாக அமைய வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்பு மகள்,
அ. தேன்மொழி

பின்குறிப்பு (மாலை 5.15):

மேலே உள்ள பக்கங்களைச் சித்தி ஏற்கெனவே அனுப்பிவிட்டார். நீங்கள் பார்த்துவிட்டதற்கு அடையாளமாக நீலக் கோடுகளும் விழுந்துவிட்டன. இல்லாவிட்டால் கிழித்துவிட்டு வேறு கடிதம் எழுதியிருப்பேன்.

வேலு மாமா வந்துவிட்டார். அடுத்த பேருந்துக்குக் காத்திராமல், கேமரன் மலையிலிருந்து சிங்கப்பூருக்கு முட்டைக்கோஸ் கொண்டுபோகும் லாரியில் ஏறி வந்து, சட்டையில் இலைகளோடு வாசலில் நிற்கிறார். (சித்தப்பா மாச்சாப்பில் சிவப்புத் தொப்பி போட்டவர்களை எல்லாம் விசாரித்துக்கொண்டிருக்கிறார். சித்தி அவரைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்.) நான் காலில் விழப் போனேன். "அதெல்லாம் இருக்கட்டும்மா, மொதல்ல இதப் புடி" என்று ஒரு புத்தகத்தை நீட்டினார். அவர் ஓங்கிக்கொண்டு ஓடி வந்த பலகை அதுதான். பிரவுன் அட்டை போட்ட புத்தகம். திறந்து பார்த்தேன். முதல் பக்கத்தில் செம்பருத்தியின் குறுக்குவெட்டுத் தோற்றம். அட்டை மடிப்பில் என் பாஸ்போர்ட்.

மாச்சாப்புக்குப் பிறகு நான் தட்டித் தட்டிப் பார்த்தது விலங்கியல். இரண்டுக்கும் ஒரே அளவு, நீங்கள் போட்ட ஒரே அட்டை. லேபிள் ஒட்டு என்றீர்கள், விடுமுறையில் படிக்கும் புத்தகத்துக்கு லேபிள் எதற்கு என்று நான்தான் கேட்டேன்.

"ஏன் மாமா அந்த நாற்காலி பக்கத்துலயே நின்னீங்க?" என்று கேட்டேன்.

"புக்க வச்சி எடம் புடிச்சிருக்கே, திரும்பி வந்துருவன்னு நெனச்சேன். அதுக்குள்ள நாலு பேரு ஒக்கார வந்தானுங்க, ஒருத்தனையும் விடல. அப்பறம் பாத்தா வண்டி கெளம்புது."

நான் பிடித்த இடத்தை அவர் காவல் காத்திருக்கிறார். நான் தலை எண்ணி, ஒன்று குறைகிறது என்று தெரிந்தே, அவரை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். "அப்பாகிட்ட சொல்லிக்காதம்மா, புள்ள நல்லபடியா வந்துருச்சின்னு நானும் சொல்லிக்கிறேன்" என்கிறார். நல்ல மனிதர். ஆனால் நான் கண்டக்டர் மகள், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆகவே மேலே கேட்ட கையெழுத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நீங்கள் ஒன்றை மறைத்தீர்கள், நான் ஒன்றை மறந்தேன், இரண்டும் கழிந்துவிட்டன என்று வாதிடத் தோன்றுகிறது, வாதிடவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். அம்மாவை விட்டுவிட்டு வந்த மறுநாளும் நீங்கள் விசிலை எடுத்துக்கொண்டு டியூட்டிக்குப் போனீர்கள்தானே. அன்றிலிருந்து இரண்டு முறை எண்ணுகிறீர்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறார். நானும் இனி இரண்டு முறை எண்ணுவேன்.

வெள்ளிக்கிழமைக்குள் உங்களுக்கு மனம் வந்தால் கையெழுத்துப் போடுங்கள். உடனே வராவிட்டால், அந்தப் பென்சில் கோட்டின் மேல் உங்கள் கைக்குட்டையையாவது விரித்துப் போட்டு வையுங்கள். இடம் எனக்குத்தான் என்று நான் தெரிந்துகொள்வேன்.